குருத்தோலையை அறுத்துத் தருவது யார்?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பேருந்தில் எந்தப் பக்கத்துச் சன்னலில் உட்கார்ந்தாலும் பனை தெரியும். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், வரப்பு, சுடுகாட்டு மேடு என்று வழிநெடுக நிற்கும். கிழக்கே மரக்காணம், வானூர் பக்கம் திரும்பினால் கடற்கரை மணல் வரைக்கும் பனைதான். இத்தனை பனை நிற்கிற சீமையில் ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய், புழங்குகிற ஓலைக்கூடை ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். முறம் பிளாஸ்டிக், விசிறி பிளாஸ்டிக், பாய் பிளாஸ்டிக். மரம் இருக்கிறது, அதன் ஓலையை முடைகிற கை ஓய்ந்துவிட்டது.

ஏன் ஓய்ந்தது என்று கேட்டால் மூன்று பதில்கள் உடனே வரும். வாங்க ஆளில்லை, வடிவங்கள் பழையவை, இளையவர்களுக்கு ஆர்வமில்லை. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் ஓலை, கோரை, புல் ஆகியவற்றைக் கொண்டு பின்னுகிற தொழில்களுக்குத் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வெகுதொலைவில் வடபசிபிக் தீவுகளிலும் நேர்ந்ததை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இந்த மூன்றுக்கும் முன்னால் இன்னொரு காரணம் வந்து நிற்கிறது. பின்னுகிறவர் மடிக்கு மூலப்பொருளைக் கொண்டுவந்து சேர்க்கும் ஆளும், அந்தப் பொருள் வளரும் நிலமும் இருக்கின்றனவா என்பதே அது. கூடைக்கு இருந்த பழைய வேலை போன பிறகும் பின்னல் பிழைத்திருக்கிறது. புது வேலை தேடிக்கொண்டிருக்கிறது. புல்லும் ஓலையும் வந்து சேராத இடத்தில் அது பிழைத்ததில்லை. இந்தக் கோணத்திலிருந்துதான் நம் வட்டாரத்தின் நிலையைப் பார்க்க விரும்புகிறேன்.

பழைய தென்னார்க்காட்டிலிருந்து 1993-இல் பிரிந்து தனி மாவட்டமானது விழுப்புரம். 2019-இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இந்தப் பக்கம் புதுச்சேரியை ஒட்டிய வில்லியனூரின் சுடுமண் பொம்மைகளுக்கும் அது உண்டு. இரண்டுக்கும் நடுவே கிடக்கிற நம் ஓலைப் பின்னல் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அது ஊர்ப்பெயரோடு வெளியூருக்கு விற்கப்போன சரக்காக என்றும் இருந்ததில்லை என்பதே காரணம். மூங்கிலைப் பிளந்து கூடையும் முறமும் பின்னி விற்றவர்கள் தனிக் குடிகள். ஓலை முடைவது அப்படியல்ல. உழவு ஓய்ந்த மாதங்களில் பல வீட்டுத் திண்ணைகளிலும் நடந்த வேலை. பெயரில்லாத தொழில் மறையும்போது அதற்காகக் குரல் கொடுக்கவும் ஆளிருப்பதில்லை.

என்னென்ன முடைந்தார்கள்? காய்ந்து தொங்கும் காவோலை கூரைக்குப் போனது. முற்றிய பச்சை ஓலையை மடித்துக் கட்டிப் பதநீர் குடிக்கும் பட்டை செய்தார்கள். நுங்கு வாங்கினாலும் அந்தப் பச்சை ஓலையில்தான் கட்டிக் கொடுப்பார்கள். விரியாத குருத்தோலை நுணுக்க வேலைக்கு: குழந்தையைக் கிடத்தும் தடுக்கு, விசிறி, கிலுகிலுப்பை, வெற்றிலைப் பெட்டி, தானியம் போட்டுவைக்கும் சின்னக் கூடை. மட்டையிலிருந்து உரித்த நார் கூடையின் வாய் விளிம்பைக் கட்ட உதவியது. ஈர்க்கு விளக்குமாறாயிற்று. செஞ்சிப் பக்கத்துக் கரட்டுக் காடுகளில் ஈச்சம் உண்டு. அதிலும் கூடையும் விளக்குமாறும் கட்டினார்கள். ஏரி உள்வாயிலும் பள்ளக்காலிலும் கோரை.

குருத்தோலை வேலையை ஒரு முறையாவது அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அறுத்து வந்த குருத்து விசிறி மடிப்பாக ஒட்டிக்கொண்டு, வெண்ணெய் நிறத்தில் இருக்கும். அதை வெயிலில் உலர்த்தி, இரவில் பனியில் போட்டு எடுத்தால் முறியாமல் வளையும் பதம் வரும். பிறகு நடு ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, இலக்குகளை, அதாவது ஓலையின் தனித்தனி இதழ்களை, ஒரே அகலத்துக்குக் கிழிக்க வேண்டும். அளவுகோல் கிடையாது, கட்டைவிரல் நகமும் கண்ணும்தான். தரையில் நான்கைந்து இலக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு அடியைப் பின்னி, மூலைக்கு வரும்போது இரண்டு இலக்குகளை மடக்கித் திருப்பினால் தட்டையாகக் கிடந்த பின்னல் சட்டென்று எழுந்து பெட்டியாகிவிடும். பழகாத கையில் நழுவுவது இந்த மூலைத் திருப்பத்தில்தான். தெரிந்தவருக்கு அது பேச்சினூடே நடந்து முடிந்துவிடும்.

அலுமினியப் பாத்திரம் வந்தது, தகர டின் வந்தது, பிறகு பிளாஸ்டிக் வந்தது. இந்தக் கதையை நீட்ட வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது அதற்குப் பிறகு நடந்தது. பின்னுகிற விரல்கள் ஓலையை விட்டுவிட்டு, ஓலையை வெளியேற்றிய பிளாஸ்டிக்கையே கையில் எடுத்தன. ஒயர் கூடை பிறந்தது அப்படித்தான். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் முடிச்சு என்று அதற்கென்று ஒரு முடிச்சுக் கணக்கே உருவானது. தையல் கற்றுக்கொள்வதைப் போலப் பக்கத்து வீட்டு அக்காவிடம் உட்கார்ந்து பள்ளிப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கூடை வகைகளில் ஒன்றைத்தான் இங்கே குறிப்பாகச் சொல்ல வேண்டும்: பாட்டில் கூடை.

ஒரு பாட்டில் மட்டும் நுழையும் அளவுக்கு, கைப்பிடியோடு, உடம்போடு ஒட்டினாற்போல் பின்னியது. அடியில் சின்னதாக ஒரு சதுரம். அதிலிருந்து நான்கு பக்கமும் ஏற்றி, நடுவில் பாட்டிலையே நிறுத்தி வைத்துச் சுற்றிலும் பின்னிக்கொண்டு போவார்கள். முடிச்சு இறுகினால் பாட்டில் நுழையாது, தளர்ந்தால் உள்ளே ஆடும். நீலமும் வெள்ளையும் மாற்றி மாற்றி வந்தால் கட்டம் விழும். வயல் வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் ஆளுக்குத் துணையிருக்கப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் இதைப் பார்க்கலாம். கண்ணாடி பாட்டில் என்றால் உடையாமல் காத்தது; பிளாஸ்டிக் பாட்டில் வந்த பிறகு தூக்கிப் போக உதவியது. பாத்திரத்தைச் சுற்றி நாரால் பின்னுவது நமக்குப் புதிதும் அல்ல. மோர்ப் பானையைத் தாங்கிய உறி அதுதானே? மூலப்பொருள் மாறியது, உள்ளே இருந்த பாத்திரம் மாறியது, கையின் கணக்கு மாறவில்லை.

இதே கணக்கு, இதைவிடப் பல மடங்கு நுட்பமாக, பூமியின் இன்னொரு விளிம்பில் நடந்திருக்கிறது. அலாஸ்காவிலிருந்து ரஷ்யாவை நோக்கி நீளும் அலூசியன் தீவுகளில் உனங்கன் மக்கள் வாழ்கிறார்கள். அலூட் என்பது ரஷ்யர்கள் வைத்த பெயர். மரம் வளராத, காற்றும் மூடுபனியும் ஓயாத தீவுகள் அவை. அங்கே கடற்கரையில் வளரும் ஒரு வகைக் காட்டுப்புல்தான் அவர்களுக்குப் பனையும் கோரையும் எல்லாமும். கோடையில் அறுத்து, வெயில் நேராகப் படாமல் வாரக்கணக்கில் பதப்படுத்தி, தாள்களைத் தரம் பிரித்து, நீளமாக வளர்த்த கட்டைவிரல் நகத்தால் மயிரிழை போலக் கிழிப்பார்கள். பாய், கூடை, மீன் கொண்டுவரும் பை எல்லாம் அந்தப் புல்லில்தான். இரண்டு இழைகளை ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிக்கொண்டே போகும் பின்னல் அது. மேற்குக் கோடியில் உள்ள அட்டு தீவுப் பெண்களின் வேலை எல்லாவற்றிலும் நுணுக்கமானது. ஒரு சதுர அங்குலத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பின்னல்கள் விழும் கூடைகளை அவர்கள் செய்தார்கள். தொட்டால் துணி என்றுதான் தோன்றும்.

1867-இல் ரஷ்யா அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றது. தோல் வியாபாரிகளும் கப்பல் அதிகாரிகளும் தீவுகளுக்கு வந்து போனார்கள். மீன் சுமக்கும் கூடை அவர்களுக்கு எதற்கு? சுருட்டு வைக்கும் உறை, முகவரிச் சீட்டு வைக்கும் உறை, மூடியுள்ள சின்னக் கூடை ஆகியவற்றைக் கேட்டார்கள். பெண்கள் அவற்றைப் பின்னிக் கொடுத்தார்கள். கப்பலில் வந்து காலியான சின்னக் கண்ணாடிப் புட்டிகளையும் எடுத்து, அடி முதல் கழுத்து வரை, மூடி உட்பட, புல்லால் பின்னி மூடினார்கள். நடுவே வண்ணப் பட்டு நூலால் பூ வேலை. புட்டியின் வளைவுக்கு ஏற்பத் தோளில் இழைகளைக் குறைத்து, வயிற்றில் கூட்டி, கண்ணாடியில் ஓர் இடமும் தெரியாமல் உறை போட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சேகரிப்பாளர்கள் வாங்கிப்போன அந்தப் புட்டிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

இதைக் கலையின் வீழ்ச்சி என்று எழுதியவர்கள் உண்டு. பயன்பாட்டுப் பொருள் அலங்காரப் பொருளாகிவிட்டது, பயணிகளுக்காகச் செய்தது என்ற குறை. அதை நான் ஏற்கவில்லை. கூடையை வெளியேற்றிய பொருள்களில் கண்ணாடிப் புட்டியும் ஒன்று. அந்தப் புட்டியையே அச்சாக நிறுத்தி, அதன் மேல் தன் நுட்பத்தின் உச்சத்தைக் காட்டியவளின் கையில் தளர்ச்சி எங்கே இருக்கிறது? இத்தாலியின் கியான்தி ஒயின் புட்டிக்குக் கட்டும் வைக்கோல் உறை, புட்டி நிற்கவும் உடையாமல் இருக்கவும் தேவைப்பட்டது. அட்டுப் பெண்களின் புட்டிக்கு அந்தத் தேவைகூட இல்லை. கை தன்னால் எவ்வளவு முடியும் என்று பார்த்துக்கொண்டது. அதற்குக் காசும் கிடைத்தது.

அந்தக் கலை முறிந்தது சந்தையால் அல்ல. 1942 ஜூனில் ஜப்பானியப் படை அட்டு தீவில் இறங்கியது. அங்கிருந்த சுமார் 40 உனங்கன் மக்களைப் பிடித்து, ஹொக்கைடோவின் ஒட்டாரு நகருக்குக் கொண்டுபோனார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் அங்கேயே நோயிலும் பட்டினியிலும் செத்துப்போனார்கள். மற்றத் தீவுகளிலிருந்த 881 பேரை அமெரிக்க அரசே தென்கிழக்கு அலாஸ்காவின் பாழடைந்த மீன் ஆலைகள் போன்ற இடங்களில் அடைத்துவைத்தது. அவர்களிலும் பத்தில் ஒருவர் பிழைக்கவில்லை. போர் முடிந்து வந்த அட்டு மக்களுக்குச் சொந்தத் தீவில் குடியேற அனுமதி கிடைக்கவில்லை. அட்கா என்ற வேறு தீவில் பெரும்பாலோர் தங்கினார்கள். புல் வளர்ந்த நிலமும், எந்தக் கரையில் எந்த மாதம் எந்தத் தாளை அறுக்க வேண்டும் என்று தெரிந்த கிழவிகளும் ஒன்றாகப் போயினர். எஞ்சிய நுட்பத்தைக் கையில் வைத்திருந்த சிலரில் அன்ஃபேசியா ஷாப்ஸ்னிகாஃப் என்ற அம்மையார் முக்கியமானவர். 1973-இல் மறையும் வரை ஊர் ஊராகப் போய் வகுப்பெடுத்தார். இன்று உனங்கன் பெண்கள் மீண்டும் பின்னுகிறார்கள் என்றால் அந்த வகுப்புகளுக்குப் பங்குண்டு. அங்கே பின்னல் வகுப்பு என்பது புல் அறுக்கக் கூட்டிப் போவதிலிருந்தே தொடங்குகிறது. என் வாதத்துக்கு முக்கியமானது இதுதான்.

இனி நம் பக்கம். தமிழ்நாட்டில் மீட்டெடுக்கப்பட்ட ஓலைப் பின்னல் என்றால் முதலில் சொல்ல வேண்டியது செட்டிநாட்டுக் கொட்டான். நகரத்தார் வீட்டு ஆச்சிகள் கல்யாணச் சீருக்காகப் பின்னியவை. வண்ணம் ஏற்றிய ஓலையில் கட்டமும் கோலமும் வரும், மேலே மணி கோத்த நூல் உறை போடுவார்கள். ஆச்சிகளின் தலைமுறையோடு போயிருக்க வேண்டியது. 2000-ஆம் ஆண்டளவில் விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மறுபடி எழுப்பியது. பின்னர் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே ஒன்றைக் கவனிக்கலாம். ஒரு நிறுவனம் ஓலை வாங்குவது, சாயம் போடுவது, பின்னுவது, விற்பது எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாக வைத்துக்கொண்டது. பயிற்சியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் பெண்களின் தொழிற்கூட்டுறவுச் சங்கம் ஓலைப் பொருள்களை நெடுங்காலமாகச் செய்து விற்கிறது. அங்கே பனங்காடு காலடியில் இருக்கிறது. வடக்கே பழவேற்காட்டிலும் பெண்கள் குருத்தோலையில் பெட்டிகள் முடைகிறார்கள். இந்த இரண்டு கடற்கரைகளுக்கும் இடையில், அதே பனை, அதே கடல், அதே வெயில் கொண்ட மரக்காணம் கரையில் அப்படி ஒரு சங்கத்தின் பெயர் வெளியே கேட்டதில்லை.

கோரைக்கு வருவோம். பத்தமடைப் பாயைத் தெரியாதவர் இல்லை. தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, இழையிழையாகக் கிழித்து, பட்டுத்துணி போல மடிக்கத்தக்க பாயாக நெய்வது அந்த ஊர் முஸ்லிம் குடும்பங்களின் தொழில். மணமக்கள் பெயரையும் தேதியையும் பாயிலேயே நெய்து தருவார்கள். திண்டிவனத்துக்காரர்களுக்கு அதைவிட நெருக்கமானது வந்தவாசிப் பாய். வடக்கே சுமார் 40 கிலோமீட்டர்தான். 1760-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய அதே வந்தவாசி. அங்கே கோரைப்பாய் வீட்டுக்கு வீடு தறியில் ஓடியது. பாவு நூலை இழுத்துக் கட்டிய தறியில் ஒருவர் அச்சைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நீளமான குச்சியின் நுனியில் கோரையை மாட்டி உள்ளே செலுத்துவார். இரண்டு பேரின் மூச்சும் ஒரே தாளத்தில் ஓட வேண்டும். பிளாஸ்டிக் பாய் பாதி விலைக்கு வந்த பிறகும் வந்தவாசி முழுதாக விழவில்லை. தறி இருந்தது, வியாபாரி இருந்தார், கோரை விலைக்குக் கிடைத்தது. கோரை காட்டுப்புல்லாக மட்டும் நின்றுவிடவில்லை; கரூர், நாமக்கல் பக்கம் காவிரிக் கரையில் அதை வயலில் நட்டு, பயிராகவே அறுக்கிறார்கள். ஒரு முறை நட்டால் பல ஆண்டு அறுவடை. பின்னலின் மூலப்பொருள் விவசாயமாக மாறிய இடத்தில் பின்னலுக்கு ஆயுள் கூடியிருக்கிறது.

பனையில் அது நடக்கவில்லை, நடக்கவும் முடியாது. பனை வரப்பில் தானாக முளைக்கும், பலன் தர 15 ஆண்டுக்கு மேல் ஆகும், பாட்டன் போட்டது பேரனுக்குத்தான் உதவும். ஆண்டுக்கு ஏறக்குறைய 12 ஓலைதான் விடும். அவற்றிலும் பின்னலுக்கு வேண்டியது நடுவில் ஈட்டி போல நிற்கும் விரியாத குருத்து. முப்பது, நாற்பதடி உயரத்தில், இரண்டு பக்கமும் ரம்பம் போன்ற கருக்கு மட்டைகளுக்கு நடுவே இருக்கும் அதைப் பனையேறி ஒருவர்தான் அறுக்க முடியும். எதை அறுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். பனைக்கு ஒரே வளர்முனை. பேராசைப்பட்டு அடியோடு கைவைத்தால் மரமே போய்விடும்.

பனையேறி குருத்துக்காக மட்டும் மரம் ஏறுவதில்லை. அவர் ஏறுவது பாளைக்காக. தை, மாசியில் தொடங்கிக் கோடை முடியும் வரை காலையும் மாலையும் ஏறி இறங்கும்போது, கழிக்கிற மட்டையும் அறுக்கிற ஓலையும் கூடவே கீழே வரும். அதாவது ஓலை என்பது பதநீருக்கும் கள்ளுக்கும் உபபொருள். தமிழ்நாட்டில் 1987 தொடக்கத்திலிருந்து கள் இறக்கத் தடை இருக்கிறது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கலாம். ஆனால் பதநீர் இறக்குகிறவர் மேலேயே கள் வழக்குப் பாயும் அச்சம் அந்தத் தொழிலின் மேல் நிழல்போலக் கிடக்கிறது என்பதைப் பனையேறிகள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். விக்கிரவாண்டியை அடுத்த நரசிங்கனூர், பூரிகுடிசைப் பகுதியில் இன்றும் பனையேறிக் குடும்பங்கள் இருக்கின்றன. பனைக்காகவும் பனையேறிகளின் உரிமைக்காகவும் அங்கிருந்து குரல் எழுந்துகொண்டே இருக்கிறது. தடை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். தவறி விழுந்தால் உயிரே போகும் வேலை, ஆண்டில் பாதி மாதமே வருமானம், சாதிப் பெயரால் சுமத்தப்பட்ட இழிவு ஆகியவற்றைப் பார்த்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான். ஏறுகிறவர் குறைந்தார், குருத்து இறங்குவது நின்றது, பாட்டியின் நகம் கிழிப்பதற்கு ஓலை இல்லாமல் போயிற்று. முடையத் தெரிந்த வயதானவர்களைக் கேட்டால் மறந்துவிட்டது என்று சொல்பவர் குறைவு. ஓலை யார் தருவார் என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள்.

வடலியில் அறுக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். உயராத இளம்பனையில் தரையில் நின்றபடியே குருத்தை எட்டலாம். தெற்கே நிறையப் பின்னல் அப்படித்தான் நடக்கிறது. இங்கே வடலிதான் முதலில் அழிகிறது. மனைப் பிரிவு போடும்போது புல்டோசர் முதலில் தள்ளுவது அதைத்தான். உயர்ந்த பனைக்கு இருக்கிற மதிப்பு அதற்கு இல்லை. உயர்ந்த பனையும் செங்கல் சூளைக்குப் போனது. சாலை அகலமானபோது போனது. 2021-இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்து, லட்சக்கணக்கில் பனை விதை நடவும் திட்டம் போட்டது. மாநில மரத்துக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு தேவையானதே. ஆனால் நட்ட விதை குருத்து கொடுக்கும் வரை, ஏறவும் அறுக்கவும் தெரிந்தவர்கள் காத்திருப்பார்களா? விதைக்கு ஒதுக்கிய கவனத்தில் பாதியாவது ஏறுகிறவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

கோரைக்கும் இதுபோன்ற ஒரு சிக்கல் இந்த மாவட்டத்திலேயே உருவாகியிருக்கிறது. மரக்காணம், வானூர் வட்டங்களில் கிடக்கும் கழுவேலி, பழவேற்காட்டுக்கு அடுத்துத் தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் அதில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆக்கிரமிப்பும் இறால் பண்ணையும் தின்றுகொண்டிருந்த நீர்நிலைக்கு இது அவசியமான காவல். அதன் நன்னீர்ப் பகுதிகளில் கோரையும் சம்பும் மண்டும். சரணாலயத்துக்குள்ளிருந்து எதை அறுத்து எடுக்கவும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அனுமதி கேட்கிறது. பறவை கூடுகட்டாத மாதங்களில், அளவோடு கோரை அறுக்கச் சுற்றுவட்டாரப் பெண்கள் குழுக்களுக்கு இடம் விட்டால் ஏரிக்கும் கேடில்லை, பாய்க்கும் கோரை கிடைக்கும். அதற்கு வனத்துறையும் கைத்தொழில் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

மூலப்பொருளை அரசே கவனித்தால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். இலங்கையில் 1978-இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது; கைதடியில் பனை ஆராய்ச்சிக்கென்றே நிலையம் இருக்கிறது. அங்கே ஓலைப் பொருள் அடுப்படியை விட்டு முழுதாகப் போகவில்லை. பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, கடகம், சுளகு, பனங்கட்டி வைக்கும் குட்டான் எல்லாம் வழக்கில் நிற்கின்றன. உள்நாட்டுப் போர் லட்சக்கணக்கான பனைகளைத் தின்றது. குண்டிலும் போயின, பதுங்குகுழிக்கு வெட்டிய மரமாகவும் போயின. அப்படியிருந்தும், இடம்பெயர்ந்து திரும்பிய பெண்கள் கையில் எடுத்த முதல் தொழில்களில் ஓலைப் பின்னல் ஒன்று. கள் அங்கே தடையில்லை. பாளை சீவும் தொழிலாளருக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. ஏறுகிறவரின் பிழைப்பு நடந்ததால் ஓலையும் கீழே வந்தது. நாம் பாடம் கேட்க அட்டு தீவு வரை போகத் தேவையில்லை, பாக்கு நீரிணையைத் தாண்டினால் போதும்.

நம் வட்டாரத்தில் புதிதாகத் துளிர்த்தவற்றையும் சொல்ல வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்பகம் கடலோரக் கிராமத்துப் பெண்களோடு சேர்ந்து துணி வெட்டுகளில் சுனாமிகா என்ற விரலளவுப் பொம்மையைச் செய்யத் தொடங்கியது. அதற்கு விலை வைக்கவில்லை; பரிசாகவே உலகம் சுற்றியது. அதே காலத்தில் வெல்பேப்பர் என்ற குழு, பழைய செய்தித்தாளைச் சுருட்டிச் சுருட்டிக் கூடையும் கிண்ணமும் செய்யப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கடல் எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு ஒரு வருமானம், கூடவே பேசிச் சிரிக்க ஓர் இடம். அந்தப் பெண்களை எண்ணும்போது எனக்கு மரியாதை கூடுகிறது. இங்கேயும் நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது: பழைய செய்தித்தாள் தட்டுப்பாடில்லாமல் கைக்கு வருகிறது. இரண்டு மைல் தள்ளி நிற்கும் பனையின் குருத்து வருவதில்லை. விரல்கள் எது கைக்கு வருகிறதோ அதைப் பின்னுகின்றன.

2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்கைத் தமிழகம் தடைசெய்தபோது ஓலைக்கு நல்ல காலம் வரும் என்று நம்பினோம். ஓரளவு வந்தது, கல்யாணத் தாம்பூலத்துக்கு ஓலைப்பெட்டி கேட்கிறார்கள், இனிப்புக் கடைகளிலும் பார்க்க முடிகிறது. அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் தென்மாவட்டங்களிலிருந்து வருகின்றன. கேட்பு வந்தும் விழுப்புரத்துப் பனை அதற்கு ஓலை தரவில்லை என்பது சந்தை இல்லை என்ற முதல் பதிலை வலுவிழக்கச் செய்கிறது. வடிவமைப்பும் பெரிய தடையில்லை. சிவன் கண் முடிச்சில் பாட்டில் கூடை பின்னுகிற பெண்ணுக்கு ஓலையில் ஒரு பெட்டியின் மூலையைத் திருப்பக் கற்றுத்தர வெகுநாள் ஆகாது. ஒயர் கூடைக்காரர்களை ஓலையின் எதிரிகளாகப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பழைய கையை இத்தனை காலம் உயிரோடு காத்தவர்கள் அவர்கள்தான்.

ஆகவே என் பரிந்துரை பின்னல் பயிற்சி முகாமில் தொடங்கவில்லை. பதநீர் பருவத்தில் மரம் ஏறுகிறவரிடமிருந்து குருத்தோலையைத் தனி விலை கொடுத்து வாங்கும் கிடங்கு ஒன்று திண்டிவனம் வட்டத்திலும் ஒன்று விக்கிரவாண்டிப் பக்கமும் வேண்டும். ஒரு மரத்தில் ஆண்டுக்கு எத்தனை குருத்து எடுக்கலாம் என்பதை ஏறுகிறவர்களே கூடி முடிவுசெய்ய வேண்டும். உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, அகலப்படி தரம் பிரித்த ஓலைக் கட்டு, ஒயர் ரோல் கிடைப்பதுபோல உள்ளூர்க் கடையில் கிடைக்க வேண்டும். பனைபொருள் கூட்டுறவுச் சங்கங்கள் கருப்பட்டிக்காக ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றின் கணக்கேட்டில் ஓலைக்கு ஒரு பத்தி சேர்த்தால் ஆகிற வேலை. ஏறுகிறவருக்கு விபத்துக் காப்பீடு, இடுப்புக் கயிறும் நல்ல கருவியும், வழக்குப் பயமில்லாமல் பாளை சீவும் உரிமை ஆகியவை இதோடு வர வேண்டும்.

மகளிர் குழுவுக்கான பயிற்சி அதற்குப் பிறகு. அதுவும் மரம் ஏறி இறக்கிய குருத்து பதமாகக் கிடைக்கும் மாசி, பங்குனியில் நடக்க வேண்டும். நிதியாண்டு முடிகிறதே என்று அவசரமாக மூன்று நாள் முகாம் நடத்தி, வெளியூரிலிருந்து வரவழைத்த ஓலையில் ஆளுக்கொரு பெட்டி முடையவைத்துச் சான்றிதழ் கொடுத்தால், நான்காம் நாள் வீட்டில் உட்கார்ந்து முடைய அந்தப் பெண்ணிடம் ஓர் இலக்குகூட இருக்காது.